கப்பல் ஏறுமுன் போட வேண்டிய கணக்கு

சிங்கப்பூரின் மரினா பே உல்லாசக் கப்பல் முனையத்திலிருந்து நாங்கள் இதுவரை மூன்று முறை பயணம் செய்திருக்கிறோம். முதல் பயணத்தில், பயணச்சீட்டுக்குக் கொடுத்த தொகையில் ஏறக்குறைய பாதியைக் கப்பலுக்குள் மீண்டும் செலவழித்துவிட்டு இறங்கினோம். மூன்றாவது பயணம், திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு மலேசியாவின் பினாங்குக்கும் தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் சென்று திரும்பிய நான்கு இரவுகள். அந்த முறை, சிப்பந்திகளுக்கான சேவைக் கட்டணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கப்பலில் நாங்கள் செலவழித்தது மிகச் சிறிய தொகைதான். எதையும் இழந்ததாக எங்களில் ஒருவரும் உணரவில்லை. அம்மா இன்றும் தொலைபேசியில் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு பயணங்களுக்கும் இடையில் மாறியது எங்கள் ஆசைகள் அல்ல. எந்த முடிவை எப்போது எடுக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான். கப்பல் ஏறிய பிறகு சிக்கனமாக இருக்க முயல்வது கடினம். ஏறுவதற்கு முன்பே பெரும்பாலான முடிவுகளை எடுத்துவிட்டால், கப்பலில் பணத்தைப் பற்றி நினைக்காமலேயே இருக்கலாம்.

விளம்பரத்தில் காணும் விலை, ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் கட்டணம். அதுவும் சன்னல் இல்லாத உள்ளறைக்கானது. துறைமுகக் கட்டணமும் வரிகளும் பல நேரங்களில் அதற்கு மேல் வரும். சேவைக் கட்டணம் தனியாக வரும். ஒருவர் மட்டும் தனியாகச் சென்றால் பெரும்பாலும் இருவருக்கான அறைக் கட்டணத்தையும் அவரே கொடுக்க வேண்டியிருக்கும். கணவரை இழந்த என் பெரியம்மா தனியாகக் கப்பலில் போக ஆசைப்பட்டபோது இந்த விதிதான் அவரைத் தடுத்தது. நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் 2010-இல் இறக்கிய எபிக் கப்பலில், ஒற்றைப் பயணிகளுக்கென்றே நூறு சதுர அடி அளவில் 128 சிற்றறைகளை அமைத்தது. அத்தகைய அறைகள் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களிலும் பரவலாக வந்தால் எத்தனையோ பெரியம்மாக்கள் கடலைப் பார்ப்பார்கள்.

எப்போது போகிறோம் என்பது எந்த அறை என்பதைவிட அதிகமாக விலையை மாற்றுகிறது. சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறையிலும் நவம்பர், டிசம்பர் விடுமுறையிலும் கட்டணம் உச்சத்தில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவிலிருந்து கோடை விடுமுறைக்கு வரும் குடும்பங்களால் கப்பல்கள் நிறைகின்றன. வெள்ளிக்கிழமை புறப்பட்டுத் திங்கட்கிழமை திரும்பும் மூன்று இரவுப் பயணத்தைவிட, வாரநாளில் புறப்படும் நான்கு இரவுப் பயணம் ஓர் இரவுக்குக் கணக்கிட்டால் மலிவாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் மகன் தொடக்கப்பள்ளியில் படிப்பதால் எங்களுக்கு விடுமுறை தவிர வேறு வழியில்லை. ஆகவே செப்டம்பர் மாதத்து ஒரு வார விடுமுறையைத் தேர்ந்தெடுத்தோம். அந்தமான் கடல் பக்கம் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். அலை அதிகமாக இருக்கும் என்பதை அறிந்தே ஏற்றுக்கொண்டோம்.

அறையைப் பொறுத்தவரை, பால்கனிக்கு ஆசைப்படும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: விழித்திருக்கும் நேரத்தில் எத்தனை மணி நேரம் அறைக்குள் இருக்கப்போகிறோம்? நான்கு இரவுப் பயணத்தில், அதிலும் இரண்டு நாள் கரையில் இறங்கும் பயணத்தில், எங்கள் அனுபவத்தில் அது இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. திறந்த தளத்தில் நின்றால் கடல் எல்லோருக்கும் ஒன்றுதான். அலாஸ்காவின் பனிமலைகளை ஒட்டியோ நார்வேயின் மலையிடுக்குகளிலோ போகும் கப்பலாக இருந்தால் என் பதில் வேறாக இருக்கும். அங்கே குளிருக்கு இதமாகப் போர்த்திக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பதே பயணம். மலாக்கா நீரிணையில் இரவு முழுவதும் தெரிவது சரக்குக் கப்பல்களின் விளக்குகள். அவையும் அழகுதான், ஆனால் மேல்தளத்திலிருந்து இன்னும் நன்றாகத் தெரிகின்றன.

நால்வர் செல்லும்போது ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆள்களுக்குக் கட்டணம் குறைவு என்பது உண்மை. ஆனால் வரியும் துறைமுகக் கட்டணமும் சேவைக் கட்டணமும் அவர்களுக்குக் குறைவதில்லை. நால்வருக்கான ஒரு பால்கனி அறையின் மொத்த விலையையும் அடுத்தடுத்த இரண்டு உள்ளறைகளின் மொத்த விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்கு வேறுபாடு மிகச் சிறியதாக இருந்தது. இரண்டு உள்ளறைகள் என்றால் இரண்டு குளியலறைகள். எழுபது வயதைக் கடந்த அம்மாவுடன் போகும்போது அந்த இரண்டாவது குளியலறை எந்தப் பால்கனியையும்விடப் பெரிது. உள்ளறையில் விளக்கை அணைத்தால் பகலிலும் கும்மிருட்டாக இருக்கும் என்பதால், அம்மாவுக்காகக் குளியலறையின் விளக்கை இரவு முழுவதும் எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தோம்.

அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் வகைச் சீட்டு இன்னும் மலிவாகக் கிடைக்கும். அதை ஆங்கிலத்தில் உள்ளபடி ‘கேரண்டி’ அறை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். வகை உறுதி, இடம் உறுதியில்லை. இரண்டாவது பயணத்தில் அதை வாங்கிப் பார்த்தேன். எங்களுக்குக் கிடைத்தது பஃபே உணவகத்துக்கு நேர் கீழே இருந்த அறை. விடியற்காலையில் மேலே நாற்காலிகளை இழுக்கும் ஓசையும் தள்ளுவண்டிகள் உருளும் ஓசையும் எங்களை எழுப்பின. இளையவர்கள் இருவர் மட்டும் போகும்போது அந்த மலிவு ஏற்கத்தக்கது. முதியவர் உடன் வந்தால் கூடுதலாகச் சிறிது கொடுத்து, அறை எண்ணை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். தளங்களின் வரைபடத்தை எடுத்து, மேலும் கீழும் மற்றப் பயணிகளின் அறைகளே இருக்கும்படி, கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில், மின்தூக்கிக்குச் சற்று அருகில் என்று பார்த்துப் பதிய வேண்டும். கப்பல் ஊசலாடும்போது முன்முனையும் பின்முனையும்தான் மிகுதியாக ஏறி இறங்கும். நடுவிலும் கீழிலும் அசைவு குறைவு. வயிற்றைப் புரட்டாமல் ஒருவர் தூங்குவதற்கு அந்த இடத்தேர்வு செய்யும் உதவியைச் சன்னல் செய்யாது.

பதிவு செய்த பிறகு, ‘இவ்வளவு தருகிறோம், மேல்வகை அறை இருந்தால் கொடுங்கள்’ என்று ஏலம் கேட்க அழைக்கும் மின்னஞ்சல் வரும். அதில் காட்டப்படும் தொகை பெரும்பாலும் ஒருவருக்கானது. அறைக்கு என்று பார்த்தால் இரட்டிப்பாகும். ஏலம் கிடைத்துவிட்டால் நாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் போய்விடும். அதனால் அம்மாவுடன் சென்ற முறை அந்த மின்னஞ்சலைத் திறக்கவே இல்லை.

இனி, பானங்கள். கப்பலில் பணம் கரையும் பெரிய வாசல் இதுதான். வரம்பில்லாப் பானத் தொகுப்பை வாங்கலாமா என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 18 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்தால் 82.60 டாலர். ஒரு காக்டெயிலின் விலை 14 டாலர் என்றால் அதே சேவைக் கட்டணத்துடன் 16.52 டாலர் ஆகும். ஆக, நாள்தோறும் ஐந்து காக்டெயில் குடித்தால்தான் தொகுப்பின் விலையை எட்டவே முடியும், ஆறாவதிலிருந்துதான் ஆதாயம். இந்தக் கணக்கில், நண்பகலுக்குப் பிறகு ஏறும் முதல் நாளும் முழு நாளாகவே எண்ணப்படுகிறது. காலையிலிருந்து மாலை வரை கரையில் கழியும் நாளும் முழு நாள்தான்.

என் கணவர் மாலையில் ஒன்றிரண்டு பீர் அருந்துவார். நான் குடிப்பதில்லை, அம்மாவைச் சொல்லவே வேண்டாம். ஒரு பீர் 9 டாலர் என்று கொண்டால் சேவைக் கட்டணத்துடன் 10.62. நாளுக்கு இரண்டு வீதம் நான்கு நாளுக்கு எட்டு பீர் என்றால் 84.96 டாலர். தொகுப்பில் ஒரே நாளுக்கு ஆகும் விலையும் ஏறக்குறைய அதுவே. முதல் பயணத்தில் இந்தக் கணக்கைப் போடாமல் தொகுப்பை வாங்கியதால்தான், கொடுத்த பணம் வீணாகக் கூடாதே என்று வேண்டாத பானங்களையெல்லாம் கேட்டுக்கொண்டு அலைந்தோம்.

அதோடு இன்னொரு விதியும் இருக்கிறது. ராயல் கரீபியன் உள்ளிட்ட பல நிறுவனங்களில், ஓர் அறையில் பெரியவர் ஒருவர் மதுபானத் தொகுப்பை வாங்கினால் அதே அறையில் பதிவாகியிருக்கும் மற்றப் பெரியவர்களும் வாங்கியாக வேண்டும். ஒருவர் வாங்கி மற்றவருக்குக் கொடுப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. நம் குடும்பங்களில் ஆண்களில் ஒருவர் மட்டும் குடிப்பது வழக்கமாக இருப்பதால், இந்த விதி நம்மைத்தான் மிகுதியாகப் பாதிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்து ஒருவருக்கு அது உண்மையிலேயே கட்டுப்படியாகும் என்றால், பயணச்சீட்டைப் பதியும்போதே அறைகளை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம். அம்மாவும் மகளும் ஓர் அறையில், தந்தையும் சிறுவனும் மற்றோர் அறையில் என்று பதிந்தால், விதி தந்தையின் அறையோடு நின்றுவிடும்.

தொகுப்பு வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அதைக் கப்பலில் ஏறி வாங்கக் கூடாது. இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். அங்கே விலை நாளுக்கு நாள் மாறும். இன்று வாங்கிய பிறகு அடுத்த வாரம் விலை இறங்கினால், பழையதை ரத்துசெய்து புதிய விலையில் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு வரை இதற்கு இடம் உண்டு. இணைய இணைப்பு, சிறப்பு உணவகம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்ப்பதை நான் ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

இலவசமாகக் கிடைப்பவை குறைவல்ல. குடிநீர், தேநீர், சாதாரணக் காப்பி, காலை உணவின்போது பழச்சாறு, பஃபேயில் எலுமிச்சைச் சாறு ஆகியவை பெரும்பாலான கப்பல்களில் கட்டணத்துக்குள் அடங்கும். போத்தலில் அடைத்த தண்ணீருக்குத்தான் விலை. ஆளுக்கொரு காலிப் போத்தலை வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் பஃபேயில் நிரப்பிக்கொண்டோம். ராயல் கரீபியனின் விதிப்படி, ஏறும் நாளில் பெரியவர் ஒருவர் 750 மில்லி வைன் போத்தல் ஒன்றைக் கைப்பையில் கொண்டுவரலாம்; மதுவல்லாத பானங்களில் அறைக்கு 12 கேன்கள் அல்லது போத்தல்கள் வரை கொண்டுவரலாம். எல்லா நிறுவனங்களும் இப்படி அனுமதிப்பதில்லை. ஒரே நிறுவனத்திலும் விதி மாறிக்கொண்டிருக்கும். ஆகவே தாம் போகும் கப்பலின் விதியை ஏறும் வாரத்தில் மீண்டும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. லங்காவி போன்ற தீர்வையற்ற தீவுகளில் மலிவாக மது வாங்குவோர் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். வாங்கிய போத்தலைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டு பயணத்தின் முடிவில்தான் திருப்பித் தருவார்கள். மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வருபவர்களுக்குத் தீர்வையற்ற மதுச் சலுகை கிடையாது.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது காப்பி மட்டுமே. கப்பலின் இலவசக் காப்பி அவருக்கு வெந்நீராகத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். கஃபேயில் விற்கும் காப்பி ஒவ்வொன்றுக்கும் விலையோடு 18 விழுக்காடும் சேரும். மின்கெண்டி போன்ற சூடேற்றும் கருவிகளைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். ஆகவே காப்பித்தூளையும் சர்க்கரையையும் சிறு டப்பாக்களில் எடுத்துச் சென்றேன். முதல் நாள் காலையில் பஃபேயில் நின்றிருந்த சிப்பந்தியிடம் சூடான பால் கேட்டோம். அவர் கேரளத்தைச் சேர்ந்தவர். மறுநாள் முதல், அம்மா வருவதைத் தொலைவில் கண்டதுமே ஒரு குவளை பாலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார். இந்திய சைவ உணவு வேண்டும் என்று பதிவின்போதே குறிப்பிட்டு, முதல் இரவிலேயே பரிமாறும் குழுவின் தலைவரிடமும் சொல்லியிருந்ததால், பொது உணவு மண்டபத்திலேயே அம்மாவுக்குப் பருப்பும் காய்கறியும் தினமும் கிடைத்தன. கட்டணம் செலுத்திச் சாப்பிடும் சிறப்பு உணவகங்களின் பக்கம் போகும் தேவையே எழவில்லை.

கரைச் சுற்றுலாக்களைப் பற்றி ஒரே விதியாகச் சொல்ல முடியாது, துறைமுகத்தைப் பொறுத்தது. பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினாலே ஜார்ஜ் டவுன் வந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் குவீன் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோவில். அதைச் சுற்றியே லிட்டில் இந்தியா. நகருக்குள் சுற்ற இலவசப் பேருந்தும் ஓடுகிறது. அம்மா தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்றார். 513 படிகள் என்று கேட்டதும் அடிவாரத்தில் நின்றே கும்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ‘கிராப்’ வாடகை வண்டியில் போய்த் திரும்பினோம். கோவிலும் சாப்பாடும் வண்டியுமாக நால்வருக்கும் ஆன செலவு, கப்பலில் விற்ற நகர்ச் சுற்றுலாவில் ஒருவருக்கான கட்டணத்தைவிடக் குறைவு.

புக்கெட்டில் நிலைமை வேறு. பெரிய கப்பல்கள் பல நேரங்களில் பாத்தோங் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கும். அலை பெரிதாக இருந்தால் அந்த நிறுத்தத்தையே கைவிடவும் கூடும். அப்படிக் கைவிட்டால் கப்பலில் வாங்கிய சுற்றுலாவுக்குப் பணம் திரும்பும்; வெளியே நாமாகப் பதிந்ததற்குத் திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை. கப்பலின் சுற்றுலா வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகச் சென்று தாமதமானால் போய்விடும். பருவமழைக் காலம் என்பதால் புக்கெட்டில் மட்டும் கப்பலின் சுற்றுலாவையே வாங்கினோம். போர்ட் கிள்ளானில் நிற்கும் கப்பலில் செல்வோரும், கோலாலம்பூர் அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவு என்பதையும் வழியில் உள்ள நெரிசலையும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. நாங்கள் சென்ற கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே கடைப்பிடித்தது. கைப்பேசியோ கரையேறியதும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கடைசிப் படகு ஐந்து மணிக்கு என்றால், கைப்பேசி நான்கு என்று காட்டும்போதே அது புறப்பட்டுவிடும். முள் வைத்த கைக்கடிகாரத்தை மாற்றாமல் கட்டிக்கொண்டு இறங்குவதே பாதுகாப்பு. படகைத் தவறவிட்டால் ஆகும் விமானச் செலவுக்கு முன்னால் வேறெந்தச் சேமிப்பும் நிற்காது.

கைப்பேசியால் வரும் இன்னொரு செலவு, கடலுக்கு நடுவே அது தானாகப் பற்றிக்கொள்ளும் கப்பலின் செயற்கைக்கோள் வழித் தொலைபேசிச் சேவை. நாம் வாங்கும் வெளிநாட்டு ரோமிங் திட்டத்தில் அது பெரும்பாலும் அடங்காது. என் கொழுந்தனார் அறியாமல் ஒரே இரவில் சேர்த்த கட்டணம் அவருடைய வழக்கமான மாதத் தொலைபேசிக் கட்டணத்தைப் போலப் பலமடங்கு. கப்பல் கிளம்பும்போதே கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட வேண்டும். இணையம் தேவை என்றால் ஒரு கருவிக்கான இணைப்பை மட்டும் வாங்கி, ஒருவர் வெளியேறியபின் மற்றவர் உள்நுழைந்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். கரையில் இறங்கியதும் சாதாரண ரோமிங்கில் அம்மா ஊருக்குப் பேசிக்கொண்டார்.

இவ்வளவு சிக்கனம் பேசிவிட்டு, எதில் சிக்கனம் கூடாது என்று நான் உறுதியாக நம்புவதையும் சொல்ல வேண்டும். தினசரிச் சேவைக் கட்டணத்தை அலுவலகத்துக்குப் போய் நீக்கச் சொல்வதைச் சிலர் பணம் சேமிக்கும் வழியாகப் பரிந்துரைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ராயல் கரீபியன் 2023 நவம்பரில் இதைச் சாதாரண அறைகளுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 டாலராக உயர்த்தியது. அந்த விகிதத்தில் நால்வருக்கு நான்கு இரவுகளுக்கு 288 டாலர் ஆகும்; பெரிய தொகைதான். ஆனால் அறையை நாளுக்கு நாள் ஒழுங்குசெய்பவரும் உணவு பரிமாறுபவரும் மாதக்கணக்கில் தம் பிள்ளைகளைப் பார்க்காமல் அந்தக் கப்பலில் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அந்தத் தொகையைப் பயணச்சீட்டின் விலையோடு சேர்த்தே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அது நம் வசதிக்கு மீறியது என்றால் ஓர் இரவு குறைவான பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பயணக் காப்பீட்டிலும் குறைக்கக் கூடாது. கப்பலின் மருத்துவ அறையில் சிகிச்சை விலை உயர்ந்தது. முதியவர் ஒருவருக்குத் திடீரென்று உடல்நலம் கெட்டுப் பாதி வழியில் கரைக்கு மாற்ற வேண்டி வந்தால் ஆகும் செலவைக் குடும்பங்கள் தாங்க முடியாது. இந்தியக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்குச் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கப்பல் திரும்பி வருவது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவாகும்.

கப்பலுக்குள் ரொக்கம் புழங்குவதில்லை. எல்லாம் அறை அட்டையில், பல கப்பல்களில் அமெரிக்க டாலராக, பதிவாகும். செலவு கண்ணில் படாததற்கு அதுவே காரணம். கணக்கைத் தினமும் இரவில் கைப்பேசிச் செயலியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட வேண்டும். முடிவில் கடன் அட்டையில் பற்று வைக்கும்போது ‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழிக்கட்டுமா’ என்று கேட்டால், டாலரிலேயே கழிக்கச் சொல்வது பெரும்பாலும் லாபம். பிழை இருந்தால் கடைசிக் காலை வரை காத்திருக்கக் கூடாது, அப்போது வரவேற்பு மேசைக்கு முன் வரிசை தளம் முழுவதும் நீண்டிருக்கும். எங்கள் கணக்கில் மூன்றாம் நாள் இரவு, நாங்கள் வாங்காத இரண்டு காக்டெயில்கள் ஏறியிருந்தன. இரவு பதினோரு மணிக்கு இறங்கிப் போய்ச் சொன்னோம். மேசையில் இருந்த பெண் ரசீதின் கையொப்பத்தை எடுத்துப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார், இரண்டு நிமிடத்தில் நீக்கிக் கொடுத்தார். ‘நம் பெயரில் யார் குடித்தார்களாம்?’ என்று அம்மா மறுநாள் காலை பாலுக்காகக் காத்திருக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.